தம் இருக்கிறது, கணுக்கால்தான் இன்னும் தயாரில்லை

கேள்வி: என் வயது 38. வாரம் நான்கு நாள், மொத்தம் 35 முதல் 40 கிலோமீட்டர் வரை ஓடிக்கொண்டிருந்தேன். ஏழு வாரத்துக்கு முன் படியிறங்கும்போது இடது கால் உள்பக்கமாக மடங்கி, வெளிக்கணுவைச் சுற்றி நன்றாக வீங்கி நீலம் பாரித்துவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை தேவையில்லை என்றார் மருத்துவர். மூன்று வாரம் பிரேஸ் (கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் பட்டை) போட்டேன். இப்போது நடந்தால் வலியே இல்லை. போன ஞாயிறு நண்பர்களோடு 8 கிலோமீட்டர் ஓடினேன். ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கியதும் நொண்டினேன், மாலைக்குள் லேசான வீக்கம். இரண்டு நாளில் வற்றிவிட்டது. இன்னும் 11 வாரத்தில் ஹாஃப் மாரத்தான். அதற்குள் ஸ்டாமினா போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. சைக்கிளும் நீச்சல் குளமும் கைவசம் உண்டு. ஒரு வாரப் பயிற்சியை எழுதித் தர முடியுமா? ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? பிரேஸைத் தொடர வேண்டுமா? வாரம் 10 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் போதும் என்கிறார்கள், சரியா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன், அதற்குப் பதில் சுருக்கம்: வேண்டாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் ஓடினால், வியர்த்து நீரிழந்த உடம்பில் சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை. அதைவிட முக்கியமாக, உங்கள் பயிற்சி முழுவதையும் மறுநாள் காலை கணுக்கால் சொல்லும் சேதியை வைத்துத்தான் நகர்த்தப் போகிறோம். மாத்திரை அந்தச் சேதியை அமுக்கிவிடும்.

சரி, அந்த 8 கிலோமீட்டருக்கு வருவோம். நிதான வேகத்தில் அவ்வளவு தூரம் ஓட ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்திருக்கும். நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்தாலும், அடிபட்ட இடது கால் மட்டும் 4,000 தடவைக்கு மேல் தரையில் இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை. நடப்பதில் இவ்வளவு கிடையாது. ஆகவே "நடந்தால் வலி இல்லை" என்பதிலிருந்து "8 கிலோமீட்டர் ஓடலாம்" என்று தாவியது பெரிய தாவல். ஓடும்போது வலிக்காததில் ஆச்சரியமும் இல்லை. உடம்பு சூடேறியிருக்கும்போது லேசான உரசல் தெரியாது. மூட்டுக்குள் நீர் கோத்து, இறுகி, அது வெளியே தெரிய பல மணி நேரமாகும். உங்களுக்கு நடந்தது அதுதான். இரண்டு நாளில் வற்றியதால் புதிதாக எதுவும் கிழிந்ததாகத் தோன்றவில்லை. அளவு மீறிப்போனது, அவ்வளவே.

ஸ்டாமினா பயம் நியாயமானது, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. பல ஆண்டுகள் பயிற்சி செய்தவர்கள் அதை அடியோடு நிறுத்தினால் என்ன ஆகிறது என்று பார்த்த ஆய்வு ஒன்று 1984-இல் வெளிவந்தது. உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முதல் மூன்று வாரத்தில் சுமார் 7 சதவீதமும், எட்டு வாரத்தில் சுமார் 16 சதவீதமும் குறைந்தது. அதுவும் ஒன்றுமே செய்யாமல் இருந்தவர்களுக்கு. ஆரம்பத்தில் குறைவதில் பெரும்பகுதி ரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்குவதால் வருவது. பயிற்சியை மறுபடி ஆரம்பித்தால் அது சீக்கிரமே மீளும். ஜவ்வு அப்படிப்பட்டதல்ல. முதல் ஆறு வாரத்தில் உடம்பு கிழிந்த இடத்தை ஏதோ ஒரு நாரால் அடைத்துவைக்கும். அந்த நார் இழுவிசையின் திசைக்கு ஏற்ப முறுக்கேறி வலுப்பெற மாதக் கணக்கில் ஆகும், ஒரு வருடம்கூட ஆகலாம். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஒரு காலண்டர், கணுக்காலுக்கு வேறொரு காலண்டர். நீங்கள் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கப் பார்த்தீர்கள். இந்த வாரம் இரண்டையும் பிரிப்போம்: மூச்சு வாங்கும் வேலையெல்லாம் சைக்கிளிலும் தண்ணீரிலும், கணுக்காலுக்கு ஓட்டம் சிறு சிறு அளவில்.

ஆரம்பிக்கும் முன் ஒரு சோதனை. வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். பெருவிரல் சுவரை நோக்கி இருக்கட்டும். குதிகாலைத் தூக்காமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடுங்கள். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி மறுபடி தொடுங்கள். குதிகால் எழும்பாமல் முழங்கால் எட்டுகிற கடைசி இடத்தில், பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். இரண்டு காலுக்கும் செய்யுங்கள். வலதில் 11 சென்டிமீட்டர் வந்து இடதில் 8 வந்தால் மூட்டு இன்னும் மடங்க மறுக்கிறது என்று அர்த்தம். வித்தியாசம் 2 சென்டிமீட்டருக்கு உள்ளே இருந்தால் ஓடலாம். அடுத்து, இடது காலில் மட்டும் 30 நொடி ஆடாமல் நிற்க வேண்டும். ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குவது வலது காலில் 20 தடவை முடிந்தால் இடதிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். கடைசியாக இடது காலில் பத்துத் தடவை நொண்டியடித்துக் குதியுங்கள். வலி இருக்கக் கூடாது, பயமும் இருக்கக் கூடாது. குதிக்கத் தயங்குகிற கால் ஓட்டத்துக்குத் தயாராகவில்லை. இதில் ஏதாவது ஒன்று தேறாவிட்டால் கீழே "ஓட்டம்" என்று வருகிற இடத்திலெல்லாம் "வேக நடை" என்று படித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்படியே.

திங்கட்கிழமை 45 நிமிடம் சைக்கிள், பேசிக்கொண்டே மிதிக்கிற வேகத்தில். ஷூவைப் பெடலில் மாட்டிப் பூட்டும் வகை சைக்கிள் என்றால் தற்போதைக்குச் சாதாரணப் பெடலுக்கு மாறிவிடுங்கள். பூட்டிலிருந்து காலை விடுவிக்கக் குதிகாலை வெளிப்பக்கம் திருக வேண்டும். அவசரமாக நிறுத்தும்போது அந்தத் திருகல் நேராகக் கணுக்காலில் விழும். சீட் உயரத்தையும் பாருங்கள். தாழ்வாக இருந்தால் மேலே வரும் ஒவ்வொரு மிதியிலும் கணுக்கால் தேவைக்கு மேல் மடங்கும்.

செவ்வாய்தான் இந்த வாரத்தின் முக்கியமான நாள். 10 நிமிடம் வேகமாக நடங்கள். பிறகு 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, இப்படி எட்டுச் சுற்று. மொத்தம் 16 நிமிடம்தான் ஓடியிருப்பீர்கள். 40 கிலோமீட்டர் ஓடியவருக்கு இது கேலியாகத் தெரியும், தெரியட்டும். தரை சமமாக இருக்க வேண்டும்: மைதானத் தடம், சீரான சாலை, டிரெட்மில் எதுவானாலும் சரி. மணல், புல்தரை, பக்கவாட்டில் சரிகிற சாலை ஓரம் இப்போது கூடாது. புல் மெத்தென்று இருக்கும் என்று பலர் அங்கே ஓடப் போகிறார்கள். அதில் குழி தெரியாது, உங்களுக்கு இப்போது ஆபத்து குழியில்தான்.

காதில் பாட்டு வேண்டாம். காலடிச் சத்தத்தைக் கேளுங்கள். டப், டப் என்று இரண்டு காலும் ஒரே கனத்தில், ஒரே இடைவெளியில் இறங்க வேண்டும். வலது கால் ஓங்கி விழுந்து, இடது கால் சத்தமில்லாமல் ஒட்டி எடுக்கிறது என்றால், உங்களுக்கே தெரியாமல் நொண்டுகிறீர்கள். முழங்காலும் இடுப்பும் அந்தச் சுமையை வாங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த நிமிடமே நடைக்கு மாறுங்கள். அடியைச் சின்னதாக, வேகமாக வைத்தால் பெரும்பாலும் சீராகிவிடும். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டால் 2 வரை பரவாயில்லை. 3-ஐத் தாண்டினால் அன்றைக்கு அத்தோடு போதும், மீதிச் சுற்றுகளை நடந்து முடியுங்கள்.

புதன் காலை எழுந்ததும் அவசரப்படாமல் மூன்று விஷயங்களைப் பாருங்கள். கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் பத்து அடி எப்படி இருக்கிறது? வெளிக்கணு எலும்புக்கு முன்னாலும் கீழேயும் உள்ள பள்ளம் வலது காலில் தெரிகிற மாதிரி இடதிலும் தெரிகிறதா, தூர்ந்துபோயிருக்கிறதா? சுவர்ச் சோதனை என்ன சொல்கிறது? திங்களன்று 10 சென்டிமீட்டர் இருந்து புதனன்று 9-க்கு இறங்கினால், கண்ணுக்கு வீக்கம் தெரியாவிட்டாலும் மூட்டுக்குள் நீர் கோத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எழுந்தவுடன் இறுக்கம் லேசாக இருந்து கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டால் பாதகமில்லை. குளித்துச் சாப்பிட்டு வெளியே கிளம்பும்வரை நொண்டல் நீடித்தால் வெள்ளிக்கிழமை ஓட்டத்தை நடையாக்குங்கள். மனசு என்ன சொன்னாலும் இந்த மூன்றும் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

அன்றைக்கே மாலை தண்ணீரில் கடினமான பயிற்சி. மிதவை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கால் தரையில் படாத ஆழத்தில், ஓடுவது போலவே கையையும் காலையும் வீசுங்கள். 10 நிமிடம் மெதுவாக, பிறகு 3 நிமிடம் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத அளவுக்கு வேகமாக, 1 நிமிடம் நிதானமாக, இப்படி ஆறு சுற்று. ஸ்டாமினாவைக் காப்பாற்றப் போவது இந்தப் பயிற்சிதான். மூச்சு முட்டும், ஆனால் கணுக்காலில் ஓர் அடிகூட விழாது. வாட்ச்சில் இதயத் துடிப்பு தரையில் ஓடும்போது வருவதைவிடக் குறைவாகக் காட்டும். தண்ணீரின் அழுத்தத்திலும் குளிர்ச்சியிலும் அது இயல்பு, அந்த எண்ணைத் துரத்தாமல் மூச்சை வைத்து அளவிடுங்கள். முதுகு நிமிர்ந்திருக்கட்டும். முன்னால் சாய்ந்தால் அது நீச்சலாகிவிடும்.

நீச்சல் தெரியும் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம், தவளை நீச்சலைத் தவிர. அதில் பாதத்தை வெளியே திருப்பி உதைக்கும் அசைவு ஆறாத கணுக்காலுக்கு ஒத்துவராது. மற்ற நீச்சல்களில்கூட விரல் நுனியை நன்றாக நீட்டி உதைக்கும்போது வெளிக்கணுவின் முன்பக்க ஜவ்வு விறைக்கும். கால் மடங்கினால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் அந்த ஜவ்வுதான். அங்கே இழுப்பது போலிருந்தால் தொடைகளுக்கு நடுவே மிதவைக் கட்டையை வைத்துக்கொண்டு கையால் மட்டும் நீந்துங்கள். இன்னொன்று, குளத்தின் ஓரம் வழுக்கும். பயிற்சியில் தப்பித்த கால் படிக்கட்டில் மறுபடி மடங்கினால் மகா எரிச்சல்.

வியாழன் ஓட்டமும் இல்லை, சைக்கிளும் இல்லை. கால் வேலை மட்டும், அரை மணி நேரம். ஓட்டக்காரர்கள் முதலில் கைவிடுவது இந்த நாளைத்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜவ்வு வெறும் கயிறு இல்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அதில் இருக்கின்றன. ஜவ்வு கிழியும்போது அந்தத் தகவலும் மங்குகிறது. ஃப்ரீமன் என்ற பிரிட்டிஷ் எலும்பு அறுவை மருத்துவர் 1965-இலேயே இதைச் சுட்டிக்காட்டி, ஆடும் பலகையில் நிற்க வைத்துப் பயிற்சி கொடுத்தார். வலி போனபின்னும் கால் "நழுவுகிற மாதிரி" இருக்கிறது என்று பலர் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒருமுறை பிசகிய கால் மறுபடி பிசகும் வாய்ப்பு அதிகம். அதைக் குறைக்கும் என்று நன்றாக நிறுவப்பட்டவற்றில் சமநிலைப் பயிற்சி முதன்மையானது.

ஆகவே வெறுங்காலோடு, பிரேஸ் இல்லாமல், இடது காலில் நில்லுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் மூன்றும் தரையில் பதிந்திருக்க வேண்டும். 30 நொடி. பாதத்தில் சின்னச் சின்ன தசைகள் துடித்துக்கொண்டே இருப்பது கண்ணுக்குத் தெரியும். அந்தத் துடிப்புதான் பயிற்சி, அதை நிறுத்தப் பார்க்காதீர்கள். அது எளிதானால் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள், பக்கத்தில் சுவர் இருக்கட்டும். அதுவும் எளிதானால் ஒரு பந்தைச் சுவரில் எறிந்து பிடித்துக்கொண்டே நில்லுங்கள். கவனம் வேறெங்கோ இருக்கும்போதும் கால் தன்னைத் தானே சமாளிக்கப் பழக வேண்டும். நிஜத்தில் கால் மடங்குவது கவனம் இல்லாத நேரத்தில்தானே.

அப்புறம் கெண்டைக்கால். முழங்காலை நீட்டிவைத்து ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவது 12 தடவை, மூன்று சுற்று. அதையே முழங்காலை மடக்கிவைத்து மூன்று சுற்று. மடக்கும்போது உள்ளடுக்கில் உள்ள தசைக்கு வேலை அதிகமாகும். நீண்ட ஓட்டத்தில் அதிகம் உழைப்பதும் அதுதான். இறக்குவது உயர்த்துவதைவிட மெதுவாக இருக்கட்டும். பிறகு ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி, பாதத்தை வெளிப்பக்கம் தள்ளுவது 15 தடவை, மூன்று சுற்று. கால் உள்ளே மடங்கும்போது பிடித்து நிறுத்தும் தசைகள் அந்தப் பக்கம் இருக்கின்றன. சமநிலைப் பயிற்சியை மட்டும் மற்ற நாட்களிலும் ஐந்து நிமிடம் செய்துவிடுங்கள்.

வெள்ளி, புதன் காலைச் சோதனை தேறியிருந்தால், 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, ஆறு சுற்று. சனி முழு ஓய்வு.

ஞாயிறு உங்களுக்குக் கஷ்டமான நாள். நண்பர்கள் ஓடுவார்கள், கால் துறுதுறுக்கும். அன்று தூரத்தை மறந்துவிட்டு நேரத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்: 90 நிமிடம் சைக்கிள், இறங்கியதும் 20 நிமிடம் வேக நடை. இதயத்துக்கும் தொடைத் தசைகளுக்கும் இது நீண்ட ஓட்டத்துக்கு அருகில் வருகிற வேலை. நண்பர்களை விட முடியாது என்றால் அவர்கள் பக்கத்திலேயே சைக்கிளில் போங்கள், தண்ணீர் பாட்டிலை நீங்கள் சுமந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் "கடைசி இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடலாம், வா" என்று யாராவது கூப்பிடுவார்கள். இறங்காதீர்கள்.

பிரேஸ் பற்றி. ஓடும்போதும் கரடுமுரடான இடத்தில் நடக்கும்போதும் அடுத்த சில மாதங்களுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பிசகியவர்களுக்கு மறுபடி பிசகாமல் இருக்க அது உதவுகிறது. பிரேஸ் போட்டால் கால் பலவீனமாகிவிடும் என்ற பயம் வேண்டாம், வியாழக்கிழமை வேலையை விடாமல் செய்தால் போதும். வீட்டுக்குள் கழற்றிவிடுங்கள். கணுக்காலைச் சுற்றி டேப் ஒட்டிக்கொள்வதும் பயன்தான், ஆனால் ஓட ஆரம்பித்து அரை மணி நேரத்துக்குள் அது பெருமளவு தளர்ந்துவிடும்.

10 சதவீத விதியை நான் பெரிதாக நம்புவதில்லை. 2008-இல் நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழு 10 சதவீத அளவில் நிதானமாகக் கூட்டியது, மற்றது வழக்கமான, இன்னும் வேகமான திட்டத்தில் போனது. இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம் வந்தது. 10 சதவீதத்தில் மந்திரம் எதுவும் இல்லை. அதுவும் நீங்கள் 16 நிமிடத்தில் ஆரம்பிக்கும்போது 10 சதவீதம் என்பது ஒன்றரை நிமிடம். அந்த வேகத்தில் பந்தய நாள் வந்துவிடும், நீங்கள் வர மாட்டீர்கள். நான் சொல்வது வேறு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் ஓடும் நிமிடங்களைக் கூட்டுங்கள், பிறகு நடை இடைவெளிகளைக் குறைத்துத் தொடர் ஓட்டமாக்குங்கள், அதற்கப்புறம் வாரத்துக்கு மூன்றாவது ஓட்டத்தைச் சேருங்கள். வேகம் அதற்கும் பிறகு. ஏற்ற இறக்கமும் கரடுமுரடான பாதையும் கடைசியில். இரண்டு ஓட்டத்துக்கு மறுநாள் காலைகள் தொடர்ந்து சுத்தமாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். ஒரு காலை சரியில்லை என்றால் பழைய அளவையே மறுபடி செய்யுங்கள்.

சில அறிகுறிகள் தெரிந்தால் திட்டத்தை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். மூட்டின் ஆழத்தில் குத்துவது, ஏதோ சிக்கிக்கொண்டு பூட்டிக்கொள்வது, சமதரையிலேயே திரும்பத் திரும்பக் கால் நழுவுவது, இவை குருத்தெலும்பில் அடிபட்டிருப்பதைக் காட்டலாம். எக்ஸ்ரேயில் அது தப்பிவிடக்கூடும், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். வலி கணுவுக்கு மேலே, இரண்டு கால் எலும்புகளுக்கு நடுவில் முன்பக்கமாக இருந்தால் அங்குள்ள ஜவ்வு அடிபட்டிருக்கலாம். அது ஆற இன்னும் அதிக நாள் பிடிக்கும், மேலே உள்ள கணக்கு அதற்குப் பொருந்தாது. எலும்பின் மேல் விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுரீரென்று வலிப்பதையும் காட்டிவிடுங்கள்.

பந்தயத்தில் ஓடுவதா, வேண்டாமா என்று இன்றைக்கே முடிவெடுக்க வேண்டியதில்லை. ஆறாம் வார முடிவில் பாருங்கள். 60 நிமிடம் நிற்காமல், பேசிக்கொண்டே ஓட முடிந்து, மறுநாள் காலை சுவர்ச் சோதனையும் குறையாமல் இருந்தால், மீதி ஐந்து வாரத்தில் ஹாஃப் மாரத்தானை முடிக்கும் அளவுக்கு வந்துவிடலாம். முடிக்கும் அளவுக்கு மட்டும், பழைய நேரத்தை முறியடிக்கும் அளவுக்கு அல்ல. அதற்குள் 60 நிமிடம் வரவில்லை என்றால் அமைப்பாளர்களிடம் கேட்டு 10 கிலோமீட்டருக்கு மாறிக்கொள்ளப் பாருங்கள். மாற்ற முடியாது என்றாலும் 21 கிலோமீட்டரை இழுத்து முடிக்க வேண்டாம், இந்தப் பந்தயத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் பெயர் கொடுங்கள்.